அவள் போன பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது

ஒரு பெரிய சினிமா அரங்கம். கடைசிக் காட்சி முடிந்து விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். திரை இருக்கும் பக்கத்திலிருந்து நாம் இருக்கைகளைப் பார்க்கிறோம். காலில் இரும்புப் பட்டை கட்டிய ஒரு பெண் உள்ளே வருகிறாள். ஒரு காலை இழுத்து இழுத்துப் படியேறி, வரிசைக்குக் குறுக்கே நடந்து, மறுபக்கம் இறங்கி வெளியே போய்விடுகிறாள். காலடிச் சத்தம் தேய்ந்து மறைகிறது. வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் அங்கே வெட்டியிருப்பார். இந்த இயக்குநர் வெட்டவில்லை. ஆளே இல்லாத அந்த இருக்கைகளை அப்படியே காட்டிக்கொண்டிருக்கிறார். அவள் நுழைந்ததிலிருந்து கணக்கிட்டால் அந்த ஒரே ஷாட் ஐந்து நிமிடத்தைத் தாண்டும்.

2003-ல் வந்த 'குட்பை, டிராகன் இன்' படத்தின் காட்சி இது. இயக்கியவர் சாய் மிங்-லியாங். மலேசியாவில் பிறந்து தைவானில் படம் எடுக்கும் சீனர். உலகத் திரைப்பட விழாக்களுக்குப் போய் வருகிறவர்கள் இவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். 'ரொம்ப மெதுவாகப் போகும்' என்று கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வார்கள். அந்த மெதுவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் தியேட்டர் ஆபரேட்டராக வேலை பார்த்தவன்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு தியேட்டர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் கேபினுக்குள் போனேன். பிறகு ஜெனான் விளக்கு வந்தது. 2005-க்குப் பிறகு க்யூப் போன்ற டிஜிட்டல் முறைகள் பரவி, படப்பெட்டி வருவதே நின்றுபோனது. இப்போது பீர்க்கன்கரணையில் வீட்டோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி தரமணி திரைப்படக் கல்லூரியில் படிக்கிறான். அவன்தான் ஒருநாள், "அங்கிள், ஆபரேட்டர் வர்ற படம் ஒண்ணு இருக்கு, பார்க்கிறீங்களா?" என்று இந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

காலி அரங்கத்தைப் படம் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பதே இல்லை. இருட்டில் வருவார்கள், 'வணக்கம்' போட்டதும் எழுந்து போய்விடுவார்கள். செகண்ட் ஷோ விட்ட பிறகு வரிசை வரிசையாகக் கிடக்கும் அந்த இருக்கைகள் எங்களுக்கு மட்டும் தெரிந்தவை. எங்கள் தியேட்டரில் பெருக்குகிற ஆயா ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் துடைப்பமுமாக முன் வரிசையிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறுவார். கடலைத் தோல், முறுக்குப் பொட்டலம், ஒற்றைச் செருப்பு, சில நாள் ஒரு குழந்தையின் கொலுசு. அவர் பெருக்கி முடிக்கும்வரை நான் ரீவைண்ட் செய்துகொண்டிருப்பேன். அந்த முக்கால் மணி நேரத்தை ஒரு படத்தில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. அதைப் படமாக எடுக்கலாம், அதில் காட்டுவதற்கு விஷயம் இருக்கிறது என்று நினைத்த ஒரு மனிதர் தைவானில் இருந்திருக்கிறார்.

படத்தின் கதையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். தைபே நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் யோங்ஹே என்ற புறநகரில் ஃபூஹோ என்று ஒரு பழைய பெரிய தியேட்டர். நிஜமாகவே இருந்த தியேட்டர்தான். 2001-ல் எடுத்த தன் முந்தைய படத்திலும் ஒரு காட்சிக்கு சாய் அதைப் பயன்படுத்தியிருந்தார். மூடப்போகிறது என்று தெரிந்ததும் அதையே முழுப் படமாக எடுத்தார். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே கிங் ஹூ இயக்கி 1967-ல் வெளியான 'டிராகன் இன்' என்ற வாள்சண்டைப் படம் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஊரே திரண்டு பார்த்த படம். இன்று பார்க்க வந்திருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி, ஆபரேட்டர் ஒருவன். அவ்வளவுதான். 82 நிமிடப் படத்தில், திரைக்குள் ஓடும் பழைய படத்தின் வசனத்தை விட்டுவிட்டால், முதல் பேச்சு பாதிப் படம் தாண்டித்தான் வருகிறது.

அந்தப் பெண் ஒரு வேலை செய்கிறாள். தனக்கென்று வைத்திருந்த, ஆவியில் வெந்த இளஞ்சிவப்பு நிறப் பணியாரத்தைப் பாதியாக வெட்டுகிறாள். ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, இரும்புப் பட்டை கட்டிய காலோடு, படிப்படியாக ஆபரேட்டர் அறைக்கு ஏறுகிறாள். அந்த ஏற்றம் முழுவதையும் சாய் காட்டுகிறார். ஒரு படியைக்கூட விடவில்லை. மேலே போனால் ஆபரேட்டர் இல்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் சற்று உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறாள். ஒரு வார்த்தை கிடையாது.

இதை வேகமாகக் காட்டியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அவளுடைய அன்பு என்ன விலை என்று நமக்குத் தெரியாமல் போயிருக்கும். ஆபரேட்டர் கேபின் எப்போதும் உச்சியில் இருக்கும். நல்ல கால் உள்ளவனுக்கே ஒரு நாளைக்கு நாலு ஷோவுக்கு ஏறி இறங்கினால் முட்டி வலிக்கும். அந்தப் படிகளை முழுதாகப் பார்த்தவனுக்குத்தான் அந்தப் பாதிப் பணியாரம் என்னவென்று புரியும். நேரம்தான் அங்கே வசனம். சாயின் மெதுவுக்கு நான் கண்ட முதல் விளக்கம் இதுதான்: ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரத்தை அதற்குக் கொடுக்கிறார். வேலை செய்கிறவர்களின் நேரத்தை வெட்டி எறியாத இயக்குநர் அவர்.

இன்னொரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே பெண் திரைக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்துகொண்டு போகிறாள். தியேட்டர் திரை முழுத் துணி இல்லை. அதில் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கும். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால்தான் வைப்பார்கள், சத்தம் வெளியே வர அந்தத் துளைகள் வேண்டும். பார்வையாளர்களுக்கு இது தெரியாது. அந்தத் துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளிப் புள்ளியாக அவள் முகத்தில் விழுகிறது. திரையில் கதாநாயகி வாளோடு பாய்ந்துகொண்டிருக்கிறாள். டிக்கெட் கிழிக்கிற பெண் அண்ணாந்து அவளைப் பார்க்கிறாள். இருவர் முகமும் மாறி மாறி வருகின்றன. திரைக்குப் பின்னால் நான் எத்தனையோ முறை ஸ்பீக்கர் ஒயர் பார்க்கப் போயிருக்கிறேன். அந்த வெளிச்சப் புள்ளிகள் என் சட்டையிலும் விழுந்திருக்கின்றன. எங்கள் தொழிலுக்கு உள்ளே இருந்து பார்த்த கண் அது.

படம் பார்க்க வந்த அந்தச் சிலரில் இரண்டு கிழவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பேரனோடு வந்திருக்கிறார். மியாவ் தியென், ஷிஹ் சுன் என்ற அந்த இருவரும் 1967-ல் அந்த 'டிராகன் இன்' படத்திலேயே நடித்தவர்கள். முப்பத்தைந்து வருடம் கழித்துத் தங்கள் இளமையைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கண் கலங்குகிறது. இதற்கு மேல் எந்தக் கதை வேண்டும்? மூடிப்போன நம் சென்னை தியேட்டர்களும் அப்படித்தான். சாந்தி தியேட்டரை நினைத்துப் பாருங்கள், சஃபையர் வளாகத்தை நினைத்துப் பாருங்கள். 1964-ல் திறந்து சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகளாக அண்ணா சாலையில் நின்ற இடம் தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அசோக் நகர் உதயம் 2024-ல் போனது. ஒவ்வொன்று மூடும்போதும் செய்தி வரும், பழைய போஸ்டரோடு ஒரு புகைப்படம் வரும். அங்கே வேலை பார்த்தவர்கள் கடைசி நாளில் என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதியதில்லை. ஃபூஹோ ஆபரேட்டர் என்ன செய்தான் என்பது தெரியும்: ரீலைச் சுற்றினான், வாளியில் ஒழுகிய மழைத் தண்ணீரை எடுத்தான், ஷட்டரை இறக்கினான், வண்டியில் ஏறிப் போனான்.

சாய் மிங்-லியாங் 1957-ல் சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் நூடுல்ஸ் கடை வைத்திருந்தார்கள். அவர்கள்தான் பேரனைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள், சில நாட்களில் இரண்டு படம்கூட. தியேட்டர் அவருக்குத் தாத்தா பாட்டி வீட்டின் ஒரு பகுதி மாதிரி. இருபது வயதில் தைபே போய் நாடகமும் திரைப்படமும் படித்தார். முதல் முழுநீளப் படம் 1992-ல் வந்த 'ரெபல்ஸ் ஆஃப் த நியான் காட்'. இரண்டாவது படமான 'வீவ் லமூர்' 1994-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. 'தி ரிவர்' 1997-ல் பெர்லினில் பரிசு பெற்றது. 'ஸ்ட்ரே டாக்ஸ்' 2013-ல் மறுபடி வெனிஸில் நடுவர் குழுவின் பெரும் பரிசு பெற்றது.

இவர் படம் எடுக்கும் விதத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். கேமரா ஒரு இடத்தில் நிற்கும், பெரும்பாலும் நகராது. பின்னணி இசை கிடையாது. தண்ணீர் சொட்டும் சத்தம், மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, இவைதான் இசை. ஆட்கள் அதிகம் பேச மாட்டார்கள். சாப்பிடுவார்கள், குளிப்பார்கள், தூங்குவார்கள், அழுவார்கள். 'வீவ் லமூர்' கடைசிக் காட்சியில் யாங் குவெய்-மெய் என்ற நடிகை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஏறக்குறைய ஆறு நிமிடம் அழுகிறார். அழுகை ஓய்கிறது, சிகரெட் பற்றவைக்கிறார், மறுபடி வருகிறது. நிஜத்தில் அழுகை அப்படித்தான் வரும். நம் படங்களில் அதற்குப் பதினைந்து விநாடியும் ஒரு வயலினும் கொடுப்பார்கள்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான வழி என்று நினைக்க வேண்டாம். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-ல் வந்தபோது நான் ஓட்டியிருக்கிறேன். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போவாரே, நினைவிருக்கிறதா? செங்கல்லைத் தொட்டுப் பார்த்து, அறை அறையாக நடந்து, வசனமே இல்லாமல் அந்தக் காட்சி நீளும். இளையராஜாவின் இசை மட்டும் கூட வரும். பேச்சும் இருமலுமாக இருந்த அரங்கம் அந்த இடத்தில் அடங்கிவிட்டதை மேலே கேபின் துவாரம் வழியாகப் பார்த்தேன். 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்தில் அப்பாவும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். அந்த நடையைப் பொறுமையோடு பார்த்தவர்களுக்கு சாயின் படங்கள் கஷ்டம் இல்லை.

ஆபரேட்டருக்கு நேரம் என்பது ஒரு பொருள். 2,000 அடி ரீல் என்றால் ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு மெஷினில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். உடனே இன்னொரு மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால் யாருக்கும் தெரியாது. ஒரு விநாடி தவறினால் திரை வெளுக்கும், கீழே 'ஆபரேட்டர்!' என்று விசில் பறக்கும். கார்பன் இரண்டும் எரிந்து இடைவெளி கூடிக்கொண்டே போகும், அதையும் கவனித்துத் திருக வேண்டும். அறைக்குள் வெக்கை. இந்த இருபது நிமிடங்களை வருடக்கணக்கில் எண்ணி வாழ்ந்தவனுக்கு, ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது முதுகுத்தண்டில் தெரியும். அதனால்தான் சாய் ஒரு ஷாட்டை நிறுத்தி வைக்கும்போது எனக்குச் சலிப்பு வருவதில்லை. யாரோ பொறுப்பாக அந்த நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றுகிறது.

இனி தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் சாயின் படங்களில் தண்ணீர் இல்லாத படம் அபூர்வம். கூரை ஒழுகும், குழாய் உடையும், தரை நனையும். 1998-ல் வந்த 'தி ஹோல்' இதன் உச்சம். 2000-ஆம் ஆண்டு பிறக்க ஏழு நாள் இருக்கிறது. தைபேயில் ஒரு நோய் பரவுகிறது. வந்தவர்கள் கரப்பான்பூச்சி போல் இருட்டு மூலைகளைத் தேடி ஊர்ந்து ஒளிகிறார்கள். அந்தப் பகுதிக்குத் தண்ணீரை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வருகிறது. மழை மட்டும் விடாமல் கொட்டுகிறது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் வீட்டில் ஒருவன், கீழ் வீட்டில் ஒருத்தி. கீழ் வீட்டில் ஒழுகுகிறது என்று பிளம்பர் வந்து மேல் வீட்டுத் தரையைக் குடைந்து ஓட்டை போட்டுவிட்டு, அடைக்காமலே போய்விடுகிறார். அந்த ஓட்டை வழியாக இரண்டு தனி மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறிகிறார்கள்.

தண்ணீர்த் தொல்லை எங்களுக்கும் புதிதல்ல. எங்கள் பீர்க்கன்கரணை ஏரி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்கள். 2021 நவம்பரில் பீர்க்கன்கரணைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. மாநகராட்சி ஆனாலும் ஐப்பசி பிறந்தால் எல்லார் பேச்சும் தண்ணீரைப் பற்றித்தான். எங்கள் குடியிருப்பில் மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கி, சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்து, இரு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். 'தி ஹோல்' படத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவர்த்தாள் ஈரத்தில் உரிந்து விழும்போது எனக்குத் தைபே தெரியவில்லை, எங்கள் மாடிப்படிதான் தெரிந்தது. அந்தச் சண்டையிலிருந்து சாய் ஓர் உறவை எடுக்கிறார். கடைசியில் மேலே இருப்பவன் அந்த ஓட்டை வழியாகக் கையை நீட்டி ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கிறான். பிறகு அவளையே மேலே தூக்கிவிடுகிறான். 2020-ல் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களில் பலர் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்ததில் வியப்பில்லை.

'தி ஹோல்' படத்தில் பாட்டு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் ஹாங்காங் சினிமாவில் பாடி ஆடிய க்ரேஸ் சாங்கின் பழைய பாடல்கள் இடையிடையே வருகின்றன. அழுக்கு மாடிப்படியிலும் லிஃப்ட்டிலும் பளபளக்கும் உடையோடு கதாநாயகி ஆடுகிறாள். பாட்டுக்காகக் கதையை நடுவில் நிறுத்துவது நமக்குப் பழகிய முறைதான். அவள் மனதில் ஓடுவது பாட்டாக வருகிறது, பாட்டு முடிந்தால் மறுபடி மழை.

நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும் படம் 2006-ல் எடுத்த 'ஐ டோண்ட் வாண்ட் டு ஸ்லீப் அலோன்'. சாய் மலேசியாவுக்குத் திரும்பி வந்து கோலாலம்பூரில் எடுத்தது. மொசார்ட் பிறந்து 250 ஆண்டு நிறைந்ததற்காக வியன்னாவில் நடந்த விழா இதற்குப் பணம் கொடுத்தது. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவனை, குப்பையில் கிடைத்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகும் வெளிநாட்டுக் கூலித் தொழிலாளர்கள் தங்கள் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்களில் ஒருவன் அவனைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, அந்த மெத்தையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்கிறான். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்த மெத்தைக்கு இன்னொரு கதையும் உண்டு. மலேசிய அரசியல் தலைவர் அன்வர் இப்ராகிம் மீதான வழக்கில் ஒரு மெத்தையைச் சாட்சிப் பொருளாக நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்ததை மலேசியாவே பார்த்தது. அதை சாய் எடுத்து, ஏழைகள் பகிர்ந்து படுக்கும் இடமாக மாற்றினார். 1997 பொருளாதார நெருக்கடியில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம், அதன் அடியில் குளமாகத் தேங்கிய கருந்தண்ணீர், அதில் மிதக்கும் மெத்தை. படத்தை மலேசியத் தணிக்கை முதலில் தடை செய்தது, பிறகு சில வெட்டுகளோடு அனுமதித்தது.

என் சித்தப்பா மகன் கோலாலம்பூரில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துத் திரும்பியவன். அவனை உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டேன். காட்டுத் தீப் புகை நகரத்தை மூடி, எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரியும் காட்சி வந்ததும், "அண்ணே, இந்தப் புகையில நான் வேலைக்குப் போயிருக்கேன்" என்றான். மலேசியாவைப் பற்றி நாம் பார்த்த தமிழ்ப் படங்களில் இரட்டைக் கோபுரம் வரும், துப்பாக்கி வரும். ஒரே அறையில் பத்துப் பேராகப் படுத்தெழுந்த ஒருவனுக்கு அவன் இருந்த கோலாலம்பூரைக் காட்டியது இந்தச் சீனர் எடுத்த படம்தான். படுக்க ஒரு இடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் பகுதியில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடநாட்டுப் பையன்களுக்கும் தெரியும்.

பெருங்களத்தூர் தாண்டி வண்டலூர் வரை சாலையோரம் மனை விற்பனைப் பலகைகள்தான். அந்தப் பலகைகளைத் தாண்டிப் போகும்போது 'ஸ்ட்ரே டாக்ஸ்' நினைவு வராமல் இருப்பதில்லை. அதில் ஒரு தகப்பன் தைபேயின் நாற்சந்தியில், மழைக்கோட்டு படபடக்க, வீட்டு மனை நிறுவனத்தின் விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறான். அதுதான் அவன் வேலை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வீடு இல்லை. காற்று பலகையைப் பிடுங்கப் பார்க்கிறது, அவன் இறுக்கிப் பிடிக்கிறான், கண்ணில் நீர் வழிகிறது. 'வீவ் லமூர்' கதாநாயகியும் வீடு விற்கும் தரகர்தான். விற்காத ஒரு காலி வீட்டில் மூன்று பேர் ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் திருட்டுத்தனமாகத் தங்குகிறார்கள். விற்பனைக்கு இவ்வளவு வீடுகள் இருக்கும் நகரத்தில் படுக்க இடமில்லாமல் இவ்வளவு பேர் ஏன் என்று இருபது வருட இடைவெளியில் இரண்டு முறை கேட்டிருக்கிறார் சாய். பிரசங்கம் செய்யாமல் கேட்டிருக்கிறார்.

அந்தத் தகப்பனாக நடித்தவர் லீ காங்-ஷெங். 'குட்பை, டிராகன் இன்' ஆபரேட்டர் அவர்தான், 'தி ஹோல்' மேல் வீட்டுக்காரரும் அவர்தான். 1991-ல் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக, வீடியோ விளையாட்டுக் கடை வாசலில் நின்ற இந்த இளைஞனை சாய் கண்டெடுத்தார். அன்றிலிருந்து சாயின் ஒவ்வொரு முழுநீளப் படத்திலும் அவர் இருக்கிறார். முதல் படத்தில் மெலிந்த பையன். பிறகு வாலிபன், தகப்பன், இப்போது நரைத்த மனிதர். நடுவில் அவருக்கு நிஜமாகவே கழுத்து வலி வந்தது. அதை 'தி ரிவர்' கதையாக்கினார்கள். லீயின் தந்தை இறந்தார், சாயின் தந்தையும் முன்பே இறந்திருந்தார். அந்தத் துக்கத்திலிருந்து 'வாட் டைம் இஸ் இட் தேர்?' பிறந்தது. ஒரு மனிதன் முப்பது வருடத்தில் வயதாவதை மேக்கப் இல்லாமல், அவசரம் இல்லாமல் காட்டிய சினிமா வேறு எத்தனை இருக்கிறது?

2012-லிருந்து சாய் இன்னொரு காரியமும் செய்துவருகிறார். லீ காங்-ஷெங் செந்நிறத் துறவி உடையில், வெறுங்காலோடு, ஒரு அடி எடுத்துவைக்கப் பல விநாடிகள் ஆகும் வேகத்தில் நகரங்களில் நடக்கிறார். ஹாங்காங், மார்செய், டோக்கியோ, வாஷிங்டன் என்று போகிறது இந்த நடை. ஒன்றில் சாய் பிறந்த கூச்சிங்கின் குடியிருப்பிலும் நடக்கிறார். சுற்றிலும் கூட்டம் விரைகிறது. இதற்கு மூலம் ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்து வந்த யுவான் சுவாங். பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் படித்த அதே யுவான் சுவாங்! அவர் கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிபுரம் வந்தார். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதிவைத்தார். இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்தவர், அங்கிருந்து வந்த துறவிகளிடம் அந்த நாட்டின் பஞ்சத்தையும் குழப்பத்தையும் கேட்டறிந்து காஞ்சியோடு திரும்பினார். எங்கள் வண்டலூரில் பிரியும் சாலை வாலாஜாபாத் வழியாக அந்தக் காஞ்சிக்குத்தான் போகிறது. உலகம் சுற்றும் அந்தத் துறவி நடை ஒருநாள் காஞ்சி ராஜவீதியிலும் எடுக்கப்பட வேண்டும் என்பது என் ஆசை. மூலவர் நடந்த ஊர் அல்லவா!

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சாயின் சில படங்களில் உடல் சார்ந்த காட்சிகள் வெளிப்படையாக உண்டு. 'தி ரிவர்', 'தி வேவர்ட் கிளவுட்' இரண்டும் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் படங்கள் அல்ல. பெரியவர்களுக்கே அவற்றில் மனம் கலங்கும் இடங்கள் இருக்கின்றன. 'குட்பை, டிராகன் இன்' படத்தில் ஆரம்பியுங்கள். முடிந்தால் நாலைந்து பேராக, கைபேசியை அணைத்து, பெரிய திரையில். பத்து நிமிடம் கை எதையாவது தேடும். பிறகு காது திறக்கும்.

2020-ல் வந்த 'டேஸ்' படத்துக்குச் சப்டைட்டில் வேண்டாம் என்று சாயே முடிவு செய்துவிட்டார். பேச்சு மிகக் குறைவு, இருக்கும் கொஞ்சத்தையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதால். பெர்லினில் விருது வாங்கிய படம். என் மனைவி ஆங்கில எழுத்து படிக்க மாட்டாள். அதனால் நான் பார்க்கும் வெளிநாட்டுப் படங்கள் எதிலும் உட்கார மாட்டாள். இதில் உட்கார்ந்தாள். லாவோஸ் நாட்டிலிருந்து வந்து பாங்காக்கில் வாழும் ஓர் இளைஞன் தரையில் குந்தி, அடுப்பு மூட்டி, காய்களையும் கீரையையும் ஒவ்வொன்றாக அலசிச் சமைக்கும் நீண்ட காட்சி வந்தது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "பையன் மூணு தண்ணி விட்டு அலசுறான், நல்ல வளர்ப்பு" என்றாள். அவன் என்ன குழம்பு வைக்கிறான் என்று கடைசிவரை கவனித்தாள். படம் முடிந்ததும் இதே ஆள் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று கேட்டாள். பாட்டு வருகிற படமாக இருக்கட்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'தி ஹோல்' போட்டேன்.